நூல் நிலைய வேலை: தொண்டா? தொழிலா?

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



பொது நூல் நிலையங்களில் வேலை செய்கிறவர்களுடைய நிலைமையைப்பற்றி இன்று சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நமக்கு அந்த இலாகாவில் உத்தியோகம் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் உயர்ந்தால் அதில் ஒரு காசும் நமது வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனாலும் இது நூலகர்களுடைய சொந்த விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிடக் கூடியதல்ல என்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் சொல்லுகிறோம். காரணம் பொருத்தமாய் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே எழுந்து கேளுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். நாலு பேர் முன்னால் நின்று நாலு விஷயம் பேசுகிறோம் என்றால், அது வாசகசாலைப் பெஞ்சியில் உட்கார்ந்து, கையில் கிடைத்த பத்திரிகையையும் புத்தகத்தையும் திரும்பத் திரும்பப் படித்ததனால் வந்ததுதான். பணக்காரன் பிள்ளைக்கு வீட்டிலேயே புத்தக அலமாரி இருக்கிறது. கூலிக்காரன் பிள்ளைக்கு ஊர் நூல் நிலையத்தைவிட்டால் வேறு அலமாரி கிடையாது. அந்த அலமாரியின் சாவி யார் கையில் இருக்கிறது? மளிகைக் கடைப் பாக்கியை நினைத்துக்கொண்டே வேலைக்கு வருகிற ஓர் ஊழியர் கையில் இருக்கிறது. அவருடைய வயிற்றுக்கும் நம் பிள்ளைகளுடைய அறிவுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள்.

புகழ்ச்சி என்னும் கூலி

நமது நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள வேண்டுமானால் அவரைப் புகழ்ந்துவிடுவார்கள். "நூல் நிலையம் ஓர் ஆலயம், நூலகர் அதில் தொண்டு செய்கிறவர்" என்று ஆண்டுவிழாக்களில் பேசுகிறார்கள். சால்வை போடுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால், பால்காரன் சால்வையை வாங்கிக்கொண்டு பால் ஊற்றுவானா?

ஆலயம் என்ற உவமையே தப்பு என்று சொல்லுகிறோம். ஆலயத்திலாவது அர்ச்சகருக்குத் தட்டில் காசு விழுகிறது. நூலகருக்கு எந்தத் தட்டும் கிடையாது. ஒரு வேலையைப் "புனிதம்" என்று யாராவது சொன்னால், உடனே சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அங்கன்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைத் தாய்க்குச் சமானம் என்பார்கள். ஊர்க் குப்பையை அள்ளுகிறவரைத் தெய்வத்துக்குச் சமானம் என்பார்கள். ஜில்லா கலெக்டர் வேலையையோ என்ஜினீயர் வேலையையோ யாராவது அப்படிப் புனிதத் தொண்டு என்று சொல்லி, அதற்காகக் குறைந்த சம்பளம் வாங்கிக்கொள்ளச் சொன்னதுண்டா? ஆகவே புனிதம் என்ற பட்டம் ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் கொடுக்கப்படுகிற பட்டமாய் இருக்கிறது.

இந்தத் தந்திரம் நம் நாட்டில் மாத்திரம் இருப்பதல்ல. 1877-ம் வருஷத்தில் லண்டனில் நூலகர்கள் மாநாடு ஒன்று கூடிற்று. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜஸ்டின் வின்சர் என்ற பெரிய நூலகர் அதிலே பேசும்போது, நூல் நிலையங்களில் பெண்களை வைத்துக்கொள்வது லாபம், அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஆண்களிடம் அவ்வளவு நல்ல வேலை கிடைக்காது என்னும் கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். அதாவது பெண்களுடைய திறமையை ஒப்புக்கொள்ளுகிறார். அதற்குரிய கூலியை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 1917-ல் நியூயார்க் பொது நூல் நிலையத்து ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். மாட் மலோன் என்ற பெண்மணி அதில் முன்னின்றார். பெண்களுக்கும் உயர்ந்த பதவியும் சரியான சம்பளமும் வேண்டுமென்று 1919-ல் அமெரிக்க நூலகர் மாநாட்டில் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்தபோது, படித்த மேதாவிகள் பெருவாரியாகக் கை தூக்கி அதைத் தோற்கடித்தார்கள். புத்தகம் நிறையப் படித்தால் மட்டும் நியாய புத்தி வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இது யார் பணம்?

நிற்க. "சர்க்கார் இலவசமாகப் புத்தகம் கொடுக்கிறது, அதற்குமேல் என்ன வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இலவசம் என்பது பொய். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-ல் செய்யப்பட்டது. அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி மந்திரி. சுதந்திர இந்தியாவில் இவ்விதச் சட்டங்களில் இதுவே முதலாவது. 1950 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு அரையணா வீதம் நூலக வரி போட்டார்கள். அது பிற்பாடு உயர்ந்து ரூபாய்க்குப் பத்து காசாக ஆகியிருக்கிறது. நீங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். நூறு ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் பத்து ரூபாய் நூலகத்துக்கென்று சேர்த்துக் கட்டுகிறார். புத்தகமே தொடாதவரும் கட்டுகிறார்; எழுத்தே தெரியாத கிழவியும் தன் ஓட்டு வீட்டுக்குக் கட்டுகிறாள்.

இந்த வரியை வசூல் செய்வது பஞ்சாயத்தும், முனிசிபாலிட்டியும், மாநகராட்சியும். அவை நூலக ஆணைக்குழுவிடம் அதை ஒப்படைக்கவேண்டும். ஆனால் வசூலித்ததைக் கட்டாமல் வைத்துக்கொண்டு, அதைச் சொந்தச் செலவுக்குத் திருப்பிவிடுவது நெடுநாளைய வியாதி. சென்னை மாநகராட்சியின் நூலக வரிப் பாக்கி பத்திரிகைகளில் பலமுறை சந்தி சிரித்த விஷயம். வரி கட்டாத ஏழை வீட்டுக் குழாயை அடைக்க வருகிறவர்கள், வசூலித்த வரியைக் கொடுக்காத ஸ்தாபனத்தின் கதவை அடைப்பதில்லை. பிறகு, "நூலகருக்குக் கொடுக்கப் பணம் எங்கே?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள்! பணம் கொடுத்தாகிவிட்டது, ஐயா! கொடுத்தவர்கள் நாங்கள், அது எங்கே போயிற்று என்று சொல்லவேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொரு கோளாறும் இதில் உண்டு. வரி வீட்டின்மேல் இருக்கிறது. மாடி வீடும் கடை வீதியும் இருக்கிற ஊரில் வரி குவிகிறது. குடிசையும் மரவள்ளிக் கொல்லையுமாக இருக்கிற மலையில் வரியே சொற்பம். எங்கே நூல் நிலையம் அதிகம் தேவையோ, அங்கே அதற்கான வருமானம் குறைவு. ஆகையால் மலையில் வேலை செய்யும் ஊழியருடைய சம்பளத்தை அந்த ஊர் வருமானத்தைக் கொண்டு அளப்பது, வெள்ளம் வடிந்த ஊருக்கு ஓடமும், வெள்ளம் உள்ள ஊருக்குப் பாலம் கட்ட யோசனையும் தருவது போன்றதாகும்.

வேலை ஒன்று, ஜாதி பல

நூல் நிலைய ஊழியர்களுக்குள் எத்தனை வகுப்புகள் என்று பாருங்கள். முதல் நிலை நூலகர், இரண்டாம் நிலை நூலகர், மூன்றாம் நிலை நூலகர், அதற்குக் கீழே ஊர்ப்புற நூலகர், அதற்கும் கீழே பகுதி நேர நூல் நிலையத்தில் தினக்கூலி. ஊர்ப்புற நூலகர்களை முதலில் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். பிறகு "சிறப்புக் காலமுறைச் சம்பளம்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அகராதியில் சிறப்பு என்றால் உயர்வு என்று அர்த்தம். சர்க்கார் அகராதியில் மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு என்று அர்த்தம். அவர்களில் சிலருக்கு மேல்நிலை கிடைத்ததும் உண்டு. அதற்குள் தலை நரைத்துவிட்டதும் உண்டு.

இவர்கள் செய்யும் வேலை என்ன? கதவு திறக்கவேண்டும். பெருக்குகிறவர் இல்லாத இடத்தில் தாமே பெருக்கவேண்டும். பத்திரிகைகளைப் பிரித்து வைக்கவேண்டும். வந்த புத்தகத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். உறுப்பினர் சேர்க்கவேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புரவலர்களைத் தேடி ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பையன் கேட்பதைத் தேடி எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்தப் பையன் சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி உத்தியோகத்துக்குப் போகிறான். அவன் வாங்கும் முதல் மாதச் சம்பளமே, அவனுக்கு வருஷக்கணக்காய்ப் புத்தகம் எடுத்துக் கொடுத்த தினக்கூலி ஊழியர் வாங்குவதைவிட அதிகமாய் இருக்கிறது! ஏணி கீழேயே நிற்கிறது, ஏறினவன் போய்விடுகிறான்.

வேலை நேரத்தைப் பாருங்கள். கிளை நூல் நிலையம் காலையில் திறந்து, நடுப்பகலில் மூடி, மாலையில் மறுபடி திறக்கிறது. ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, இவருக்கு வெள்ளிக்கிழமை. கணக்கில் ஆறு, ஏழு மணி நேர வேலை என்று எழுதுகிறார்கள். உள்ளூர்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம். வெளியூர்க்காரர் என்ன செய்வார்? இங்கிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போகிற ஒரு பெண் ஊழியரை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் இறங்கி வந்து சாயங்காலம் ஏறிப் போக முடியுமா? விடியற்காலையில் பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வீடு. கூலி கொடுப்பது சில மணிக்கு. பிடித்து வைத்திருப்பது முழுநாளையும். பகுதி நேரம் என்பது வேலைக்காரருடைய பகுதி நேரம் அல்ல, சம்பளத்தினுடைய பகுதி நேரம்! அந்த நடுப்பகலில் உட்கார ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கக்கூஸ் எல்லா ஊரிலும் இருக்கிறதா என்று ஆண்டுவிழாவில் ஆலயம் என்று பேசினவர்களைக் கேளுங்கள்.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறதா? சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் 39-வது ஷரத்தில் இருக்கிறது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தற்காலிக ஊழியர் செய்தால், நிரந்தர ஊழியருடைய சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடுத்தாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2016 அக்டோபரில், பஞ்சாப் சர்க்கார் வழக்கில் சொல்லிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைத்துக் கொடுத்தால் அது கட்டாய வேலைக்குச் சமானம் என்று 1982-லேயே, டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலை வழக்கில் தீர்ப்பாயிற்று. முறைப்படி நியமிக்கப்படாதவர்கள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006-ல் ஒரு தீர்ப்பு வந்தது. சர்க்கார்கள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. ஆனால் நீண்டகாலம் உழைத்தவர்களைச் சுரண்டுவதற்கு அந்தத் தீர்ப்பு ஆயுதமல்ல என்று 2024 டிசம்பரில் அதே கோர்ட் சொல்லிவிட்டது. சட்டம் இல்லாமல் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் இருக்கிறது.

பூட்டின பீரோ

இனி வாசகர்களாகிய உங்களுக்கு வரும் நஷ்டத்தைச் சொல்லுகிறோம். பல நூல் நிலையங்களில் நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால், "தொலைந்தால் யார் பொறுப்பு?" என்கிறார் நூலகர். உடனே அவரைத் திட்டுகிறோம். ஆனால் இருப்புக் கணக்கெடுக்கும்போது குறைகிற புத்தகத்துக்கு அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. தினக்கூலி வாங்குகிறவர் நாலு புத்தகத்துக்குப் பணம் கட்டினால் அந்த வாரம் அவர் வீட்டில் அடுப்பு எரியுமா?

மத்திய சர்க்காருடைய 2017-ம் வருஷத்துப் பொது நிதி விதிகளில், ஆயிரம் புத்தகம் வாசகர் கைக்குப் போனால் வருஷத்துக்கு 5 புத்தகம் குறைவது சகஜம்; அதில் மோசடியோ அசட்டையோ இல்லையென்றால் ஊழியர்மேல் குற்றமில்லை என்ற கருத்தில் ஒரு விதி இருக்கிறது. டில்லி ஆபீஸ் நூல் நிலையத்துக்குப் பொருந்துகிற நியாயம் சங்கராபுரத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஏன் பொருந்தக்கூடாது? புத்தகம் கறையானால் கெட்டுப்போவதைவிட வாசகர் கையில் கிழிந்துபோவது மேல். அந்தத் துணிச்சல் நூலகருக்கு வரவேண்டுமானால், அவர் தலைமேல் தொங்கும் கத்தியை முதலில் எடுக்கவேண்டும்.

சென்னை சர்வகலாசாலையில் 1924 முதல் நூலகராயிருந்து, உலகமே ஒப்புக்கொண்ட நூலக விதிகளை 1931-ல் எழுதிய டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் இந்தச் சம்பள விஷயத்தைச் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை. யூ.ஜி.சி. 1957-ல் அமைத்த நூலகக் குழுவுக்கு அவரே தலைவர். கல்லூரி, சர்வகலாசாலை நூலகர்களுக்கு ஆசிரியர்களுக்குச் சமமான அந்தஸ்தும் சம்பளமும் கொடுக்கவேண்டும் என்று அக்குழு சொல்லிற்று; அது ஏற்றுக்கொள்ளவும் பட்டது. சரிதான். ஆனால் காலேஜுக்குப் போகிறவனுக்குப் புத்தகம் கொடுப்பவர் ஆசிரியருக்குச் சமானம் என்றால், காலேஜையே பார்க்காதவனுக்குப் புத்தகம் கொடுப்பவர் யாருக்குச் சமானம்? அவனுக்கு ஆசிரியரும் அவர்தானே, காலேஜும் அவர்தானே!

மலையில் யார் இருப்பார்கள்?

கல்வராயன் மலையைப்பற்றி உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்து, 1976-ல்தான் சர்க்கார் நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து! கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019 நவம்பரில். 2022-ம் வருஷத்து பட்ஜெட்டில் கள்ளக்குறிச்சி உட்பட ஆறு புது ஜில்லாக்களுக்கு 36 கோடி ரூபாயில் நவீன மைய நூலகங்கள் கட்டுவதாக அறிவித்தார்கள். கட்டட அறிவிப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கட்டடத்துக்குக் கோடி சொல்லுகிறவர்கள், அதற்குள்ளே உட்காரப்போகிற மனிதனுக்கு என்ன என்று ஏன் அதே மூச்சில் சொல்லுவதில்லை? சுவருக்குத் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு, அதில் பெயர் உண்டு. மாதச் சம்பளத்துக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

2024 ஜூன் மாதம் இதே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களுடைய நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கேள்வி கேட்டது. நூல் நிலையம் ஒன்று இருந்திருந்தால் அந்தச் சாவு வந்திராது என்று நாம் கதை சொல்லமாட்டோம். அது மருந்துக் கடையிலே விற்கும் மருந்தல்ல. ஆனால் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது என்பதும், அதன்படி மனுப் போடலாம் என்பதும், ஜாதிச் சான்றிதழை யாரிடம் கேட்பது என்பதும், மரவள்ளிக் கிழங்குக்கு இன்று கீழே என்ன விலை என்பதும் தெரியாமல் இருப்பதனால்தான் தரகன் பிழைக்கிறான். இவற்றை ஒருவர் படித்துச் சொல்லும் இடம் மலையில் இருக்கவேண்டுமா, வேண்டாமா?

"இப்போது எல்லாம் செல்போனில் வந்துவிட்டதே" என்பார்கள். மலையில் சிக்னலைத் தேடிப் பாறைமேல் ஏறுகிற பையனிடம் போய்ச் சொல்லட்டும். அன்றியும், போனில் வருவதில் எது மெய், எது புரட்டு என்று பிரித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். செய்தி பெருகப் பெருக நூலகருடைய வேலை பெருகுகிறதே ஒழியக் குறையவில்லை.

"அவ்வளவு தூரம் யார் போவார்கள்?" என்பது அடுத்த ஆட்சேபணை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாட்டு வண்டிக் காலத்தில் முடிந்தது ஜீப்புக் காலத்தில் முடியாதா? முடியும். ஆனால் வண்டிக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளுகிறவர்கள், வண்டியில் போகும் மனிதனுக்கும் தீனி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

என்ன செய்யவேண்டும்?

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது தருமம் அல்ல.

முதலாவது, ஒரே வேலை செய்கிறவர்களுக்குள் தினக்கூலி, சிறப்பு, சாதாரணம் என்ற பேதம் ஒழிந்து காலமுறைச் சம்பளம் வரவேண்டும்.

இரண்டாவது, பிளவுபட்ட வேலைநாளை முழுநாளாகக் கணக்கிடவேண்டும். மலையில் வேலை செய்கிறவருக்குத் தனிப்படியும் தங்க இடமும் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, நியாயமாகத் தொலைந்த புத்தகத்துக்கு ஊழியர் சம்பளத்தில் கை வைப்பது நிற்கவேண்டும்.

நான்காவது, வசூலித்த நூலக வரி முழுவதும் நூலகத்துக்கே வரவேண்டும். வரி குறைந்த மலைக்கு, வரி மிகுந்த பட்டணம் கொடுத்து உதவவேண்டும்.

இதற்கு நூலகர்கள் மட்டும் கொடி பிடித்தால் போதாது. ஒவ்வொரு ஊர் வாசகர் வட்டமும், "எங்கள் ஊரில் நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று? எவ்வளவு கட்டப்பட்டது?" என்று கிராம சபையில் எழுந்து கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாயில் ஒரு மனுப் போடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் நூலகரையே கேளுங்கள், எழுதிக் கொடுப்பார். அதுவும் அவர் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைகளில் ஒன்றுதான்.

ஆண்டுவிழாவில் அவருக்குச் சால்வை போடுகிறவர்கள் போடட்டும். நாம் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்போம்.